இரண்டாம் ஆண்டுக் கணக்கு

ரோட்டரி சங்கம் செய்த முதல் பொதுப்பணி ஒரு கழிப்பறை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் ஆகிய மூவரோடு ஓர் அலுவலக அறையில் கூடினார். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் என்று சுற்றி வந்ததால் ‘ரோட்டரி’ என்று பெயர். சேவை என்ற எண்ணமே அப்போது அவர்களுக்கு இல்லை. சின்ன ஊரில் வளர்ந்து பெருநகரம் வந்த ஹாரிசுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு வியாபாரமும் வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்துத்தான், நகர மையத்தில் ஒரு பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பினார்கள். மதுபான உற்பத்தியாளர்களும் பெரிய கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். எங்கள் இடத்தில்தான் கழிப்பறை இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். உள்ளே வருகிறவன் சும்மாவா வெளியே போவான்! எதிர்ப்பை மீறி 1909ல் கழிப்பறை வந்தது.

சங்கத்தார் அதைத் தங்கள் காசில் கட்டித் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற அமைப்புகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நகர நிர்வாகத்தை நச்சரித்துக் கட்டவைத்தார்கள். மறுநாள் அதைக் கழுவிவிடும் பொறுப்பும் அதனால் நகர நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. நம் ஊர் ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) சங்கங்களை எடைபோட உட்கார்ந்தால், அந்தப் பழைய கழிப்பறைதான் எனக்குத் தராசாகத் தெரிகிறது.

வழக்கமான ஏச்சுகளை முதலில் தீர்த்துவிடலாம். ஓட்டலில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து ஏழைப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் தருகிறார்கள்; தருகிற பொருளைவிடப் பேனர் பெரிது; உறுப்பினர் ஆவதே தொழில் தொடர்புக்காக. எல்லாமே உண்மை. பேனரில் பெயருக்கு முன்னால் ‘அரிமா’ இருக்கும், பின்னால் ‘எம்.ஜே.எஃப்.’ இருக்கும். அது மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ. 1917ல் லயன்ஸ் இயக்கத்தைத் தொடங்கியவர் பெயரில், அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் சேர்ந்தால் வரும் பட்டம். ரோட்டரியில் அதே ஆயிரம் டாலருக்குப் பால் ஹாரிஸ் ஃபெல்லோ. தொழில் தொடர்பைச் சொல்லவே வேண்டாம். ஆரம்பகாலச் சிகாகோ சங்கத்தில், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கவே ஓர் ஆள் இருந்தார்.

ஆனாலும் இவற்றை வைத்துத் தீர்ப்பு எழுத எனக்குக் கை வரவில்லை. கொடையை அளக்க நம்மிடம் ஒரு பழைய கோல் இருக்கிறது. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இங்கே கொடுத்து மறுமைக்கு வரவு வைக்கும் வியாபாரி அல்லன் இவன் என்று புறநானூற்றில் புகழ்கிறார். உயர்ந்த கோல். வள்ளலின் மனத்தை அளக்க அது சரி, சங்கத்தை அளக்க உதவாது. சங்கத்துக்கு மனம் கிடையாது. நிகழ்ச்சி நிரல்தான் உண்டு. புரை நீங்கிப் பேரன் முகத்தைப் பார்க்கிற பாட்டிக்கு, பேனரில் இருப்பவர் எதற்காகச் சிரிக்கிறார் என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. விருந்தும் அப்படித்தான். சாப்பாடும் அரட்டையும் இல்லாவிட்டால் வேலையாக இருக்கும் ஐம்பது பேர் மாதாமாதம் ஓர் இடத்தில் கூடுவார்களா என்ன?

ஒரு குற்றத்தை மட்டும் இப்படித் தள்ளிவிட முடியாது. சமூகத்துக்குச் சேவை என்றவர்கள் சமூகத்தின் பாதியை வெகுகாலம் வாசலில் நிறுத்தினார்கள். கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் 1977ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டதும், மறு ஆண்டே அதன் பட்டயம் பறிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987ல் பெண்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. 1989ல்தான் உலகளவில் விதி மாறியது. ரோட்டரிக்கு முதல் பெண் உலகத் தலைவராக ஜெனிஃபர் ஜோன்ஸ் வந்தது 2022ல். நம் ஊர்களில் இன்றும் பல சங்கங்களில் பெண்களின் இடம் மேடையில் ஆரத்தித் தட்டோடு நின்றுவிடுகிறது. அது மாறும்வரை சேவை ஆண்டறிக்கைகளில் ‘மகளிர் மேம்பாடு’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நான் குறையாக எடுத்துக்கொள்வது வேறு. ரோட்டரி ஆண்டு ஜூலை 1ல் பிறந்து ஜூன் 30ல் முடிகிறது. அரிமா ஆண்டும் அப்படியே. சங்கத் தலைவர் முதல் மாவட்ட ஆளுநர், உலகத் தலைவர் வரை பதவி ஓராண்டுதான். இதில் ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சாதிச் சங்கத்திலும் கோயில் அறங்காவல் குழுவிலும் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காத நாட்டில், குறித்த நாளில் கழுத்துப் பட்டையைக் கழற்றி அடுத்தவருக்குப் போட்டுவிட்டு இறங்குகிற பழக்கம் சாதாரணமானது இல்லை. ஆனால் அதற்கான விலையைத் தருவது தலைவர் அல்லர், உதவி பெறுகிறவர். ஓராண்டுத் தலைவருக்குத் தன் ஆண்டில் தொடங்கித் தன் ஆண்டிலேயே முடிகிற வேலை வேண்டும். புகைப்படத்தில் அடங்குகிற வேலை வேண்டும். தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, மூன்று சக்கர வண்டி, பள்ளிக்குப் பெஞ்சு. வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே யாரும் ‘இந்த ஆண்டு நம் கருப்பொருள் பசி’ என்று அறிவித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தெரு அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சில காலம் இருந்தேன். அங்கே ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் உண்டு. ஒரு சங்கத்தின் உபயம். மேலே கருங்கல் பலகையில் ஒன்பது பெயர்கள். டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்த கதை பழசு. இந்தப் பலகை எதையும் மறைக்கவில்லை, இயந்திரம்தான் ஓடவில்லை. முதல் ஆண்டு ஓடியது. இரண்டாம் ஆண்டு மெம்பிரேன் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். சில ஆயிரம் ரூபாய். பள்ளிக்கு அதற்கு நிதித் தலைப்பு இல்லை, சங்கத்துக்கு அது போன தலைவரின் திட்டம். பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை. நல்ல மனிதர்கள், திறப்பு விழாவன்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

இனி பெரிய பணிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சேவைச் சங்கம் என்றதும் கண் முகாம்தான் நினைவுக்கு வரும். 1925ல் ஒஹையோவில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் நேரில் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வை இழந்தோர் பணி லயன்ஸ் இயக்கத்தின் அடையாளமாயிற்று. இங்கே அதற்கு வாய்த்த துணை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. வேலைப் பிரிவினை தெளிவானது. ஊர்ச் சங்கம் பள்ளிக்கூடத்தைப் பிடித்துத் தரும், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கும், வருவோருக்குச் சாப்பாடு போடும். மருத்துவமனை பரிசோதித்து, அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், லென்ஸ் வைத்துத் திருப்பி அனுப்பும். ஒருகாலத்தில் பள்ளி பெஞ்சிலேயே அறுவை நடந்ததோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாடு எவ்வளவோ பாதுகாப்பானது. பார்வை பெற்றவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் 1990களின் இறுதியில் தென்னிந்தியக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு சங்கடமான கேள்வியைக் கேட்டது: முகாமுக்கு வந்தவர்கள் இருக்கட்டும், வராதவர்கள் எத்தனை பேர்? கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம்தான் என்று தெரிந்தது. மற்றவர்கள் ஏன் வரவில்லை? கூட்டிப்போக ஆள் இல்லை, ஒரு நாள் கூலி போகும், அறுவை என்றால் பயம், இந்த வயதில் பார்வை எதற்கு என்ற அலுப்பு. முகாம் இலவசம்தான், முகாமுக்கு வருவது இலவசமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வந்து மறையும் உதவிக்கு ஏற்றபடி ஏழையின் வசதி அமைவதில்லை. இந்த எண்ணைப் பார்த்த பிறகு அரவிந்த் செய்ததைப் பாருங்கள். 2004லிருந்து சின்ன ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வாரம் முழுக்க இருப்பார்கள். மருத்துவர் கணினித் திரையில் வருவார். சிறு கட்டணம் உண்டு. மருத்துவமனை வராதவர்களை எண்ணியது, திருந்தியது. சங்கங்களின் ஆண்டறிக்கையில் இன்றைக்கும் பயனாளிகள் எண்ணிக்கைதான் இருக்கிறது. வராதவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கிய அறிக்கையை நான் பார்த்ததில்லை.

ரத்ததானத்திலும் இதே முட்டல் உண்டு, கொஞ்சம் வேறு விதத்தில். கைம்மாறு இல்லாமல் கொடுப்பதற்குத் தனி மதிப்பு உண்டா, அல்லது காசு கொடுத்து ஆளை வைத்துச் செய்தாலும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு ரத்தத்தைப் போல் தெளிவான விடை வேறு எதிலும் இல்லை. பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970ல் இதைத்தான் வாதிட்டார். காசுக்கு ரத்தம் விற்பவனுக்குத் தன் நோயை மறைக்கக் காரணம் இருக்கிறது, சும்மா தருபவனுக்கு இல்லை. ஆகவே தானமாக வரும் ரத்தமே சுத்தமான ரத்தம். இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறை ரத்த விற்பனை நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்பியதில் ரோட்டரி, அரிமா சங்கங்களுக்கும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் சினிமா ரசிகர் மன்றங்களுக்கும் பங்கு உண்டு. ரசிகர் மன்றத்தைச் சேவைச் சங்கத்தோடு வைப்பது சிலரை முகம் சுளிக்க வைக்கலாம். ரத்த வங்கியில் வேலை செய்பவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

சிக்கல் நாட்காட்டியில் வருகிறது. சேகரித்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும். தட்டணுக்கள் 5 நாள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும்தான் தரலாம். பணியேற்பு விழாவையோ தலைவர் பிறந்தநாளையோ ஒட்டி ஒரே நாளில் ஆயிரம் யூனிட் சாதனை என்று முகாம் போட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பகுதி காலாவதியாகும், கொடுத்த ஆயிரம் பேரும் அடுத்த மூன்று மாதம் கொடுக்க முடியாது. மே மாதம் கல்லூரிகள் மூடியிருக்கும்போது பற்றாக்குறை வந்தே தீரும். ரத்த வங்கிக்கு வேண்டியது, கூப்பிட்டால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிற நான்கு பேர். அந்த நால்வருக்குப் பொன்னாடை போர்த்தும் விழாவை நான் கண்டதில்லை.

போலியோவை ஒழுங்காக நிறுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சங்கத்தாரின் பெருமிதமும் அதுதான், விமர்சகர்களின் சந்தேகமும் அதன்மேல்தான். பெரியம்மை ஒழிப்புக்குத் தலைமை தாங்கிய டி.ஏ. ஹெண்டர்சனே போலியோவை ஒழிக்க முடியுமா என்று ஐயப்பட்டவர். அப்படிப்பட்ட சூழலில் ரோட்டரி 1985ல் போலியோபிளஸ் திட்டத்தை அறிவித்து 12 கோடி டாலர் திரட்ட இலக்கு வைத்தது. 1988க்குள் சேர்ந்தது 24.7 கோடி. உலகச் சுகாதாரப் பேரவை ஒழிப்புத் தீர்மானம் போட்டதும் அதே 1988ல்தான். அப்போது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். அரசுகள் வருமுன் சங்கம் வந்து நின்றது என்பதில் ஐயமில்லை. வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், குறித்த நாளில் ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் ஒருசேரச் சொட்டு மருந்து தரும் முறையை 1980களில் வேலூரில் நடத்திக் காட்டியபோதும் ரோட்டரி கைகொடுத்தது.

மறுபக்கமும் உண்டு. 2000க்குள் ஒழிப்பதாகச் சொன்னது நடக்கவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் சுற்றுகிறது. ஒரே நோய்க்காகச் சுகாதார ஊழியர்களைத் திரும்பத் திரும்ப இழுத்ததில் மற்றத் தடுப்பூசிகள் பின்தங்கின என்ற குறையை எளிதில் ஒதுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், இந்தியாவில் வீடு வீடாகப் போய்ச் சொட்டுப் போட்டு, இடது சுண்டு விரலில் மை வைத்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராமச் சுகாதார ஊழியர்களும்தான். 2009ல் 741 குழந்தைகளைத் தாக்கிய நோய், 2011 ஜனவரி 13ல் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்தியோடு நின்றது. 2014 மார்ச் 27ல் சான்றிதழ் வந்தது. வெயிலில் நடந்தவர்கள் அந்த ஊழியர்கள். பேருந்து நிலையச் சாவடியில் குடையும் பேனரும் தந்தவர்கள் சங்கத்தார். வெற்றி யாருடையது என்று கேட்டால் என் விடை ஊழியர்களுடையது, அரசினுடையது. ஆனால் அந்த அரசுகளைக் கால் நூற்றாண்டுக்கு மேல் விடாமல் நச்சரித்தது யார்? சிகாகோக் கழிப்பறையின் அதே வேலை.

நச்சரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. பின்னாளில் 2015-16ல் ரோட்டரியின் உலகத் தலைவரான கொழும்பு கே.ஆர். ரவீந்திரன், போர்க்காலத்தில் போலியோ பணிக்குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். யுனிசெஃப் வழியாகப் பேசி, சொட்டு மருந்து நாள்களில் வடக்கில் துப்பாக்கிகள் ஓய ஏற்பாடானது. இரு தரப்புக்கும் குழந்தைகள் இருந்தார்கள். அரசாங்கத்தின் ஆள் இல்லாத, கட்சி இல்லாத, எதையும் பிடுங்கிக்கொள்ள வராத ஒருவர் வந்து கேட்டால் மறுப்பது கடினம். தன்னார்வலரின் உண்மையான முதலீடு இதுதான் என்று எனக்குப் படுகிறது. அரிசி மூட்டையைக் கூலிக்காரர் அவரைவிட நன்றாகத் தூக்குவார். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் குப்பை பொறுக்கும் தணிக்கையாளர், அந்த நான்கு மணி நேரத்தில் ஓர் அனாதை இல்லத்தின் வரவு செலவைச் சரிபார்த்துக் கொடுத்தால் பயன் பல மடங்கு. புகைப்படம்தான் சுமாராக வரும்.

சங்கங்கள் செய்வதில் நான் மிகவும் மதிக்கும் வேலைக்கு யாரும் பேனர் வைப்பதில்லை. தமிழ்நாட்டின் பல நகரங்களில் எரிவாயு தகன மேடைகளை ரோட்டரி, அரிமா சங்கத்தார் அமைத்த அறக்கட்டளைகள் நடத்துகின்றன. இடம் நகராட்சியுடையது; நடத்துவது இவர்கள். சிலிண்டர் தீரக்கூடாது, ஊதுகுழல் பழுதாகக்கூடாது, பணியாளர் சம்பளம் நிற்கக்கூடாது, நள்ளிரவில் வருகிற தொலைபேசியை யாராவது எடுக்க வேண்டும். தீபாவளிக்கும் விடுமுறை இல்லை. சாதிக்கொரு சுடுகாடு வைத்திருந்த ஊரில் எல்லாரும் ஒரே மேடைக்கு, ஒரே ரசீதுக்கு வந்து நிற்கிறார்கள். பிறப்பால் ஒருவர் தலையில் கட்டப்பட்டிருந்த வேலை, சம்பளமுள்ள வேலையாகிறது. இதை யாரும் ‘சமூகச் சீர்திருத்தத் திட்டம்’ என்று அறிவிக்கவில்லை, அதனால்தான் நடந்தது என்றுகூடத் தோன்றுகிறது.

இங்கே ‘அறக்கட்டளை’ என்ற சொல்லைத் தற்செயலாக எழுதவில்லை. தகன மேடையானாலும் ரத்த வங்கியானாலும், நிலைத்து நின்ற பணியைச் சங்கம் நேரடியாக நடத்துவது அரிது. தனியாக ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து, ஜூலை 1ல் மாறாத அறங்காவலர்களிடம் ஒப்படைத்திருக்கும். போலியோவுக்கும் 1917ல் விதையிடப்பட்ட ரோட்டரி அறக்கட்டளைதான் முதுகெலும்பு. தங்கள் ஓராண்டு விதி சேவைக்கு ஒத்துவராது என்பது சங்கத்தாருக்கே தெரியும். தெரிந்துதான் பெரிய வேலைகளில் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சின்ன வேலைகளில்தான் விதி முழுசாக ஆள்கிறது, சின்ன வேலைகள்தான் பெரும்பான்மை. ஆகவே என் மதிப்பீட்டில், ஆள்களைச் சேர்த்துப் பழக்கும் இடமாகச் சேவைச் சங்கம் தேர்ச்சி பெறுகிறது. அதிகாரத்தை உலுக்கும் குரலாக முதல் வகுப்பில் தேர்ச்சி பெறுகிறது. பொருள் வழங்கும் அமைப்பாகத் தோற்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்களின் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்பு நிதியும் சங்கங்கள் வழியாக வரத் தொடங்கியிருப்பதால், தோற்கிற இந்த வேலைதான் பெருகப் போகிறது என்பது என் அச்சம்.

பள்ளி இயந்திரத்தின் கதை பாதியில் நிற்கிறது. போன ஜூலையில் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்ததும் தலைமையாசிரியரும் நானும் போய்ப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டார். காப்பி வரவழைத்தார். மெம்பிரேனுக்கான மதிப்பீட்டுச் சீட்டை நீட்டினேன். பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். “எதுக்கு சார் பழசைப் போட்டு ரிப்பேர் பண்ணிக்கிட்டு? நம்ம இயர்ல புதுசாவே ஒண்ணு குடுத்துடறோம். பழசைக் கழட்டி வைக்க ஒரு எடம் மட்டும் பாத்து வைங்க” என்றார்.